மாற்று வண்டி

டிக்.

கட்டிலில் அவள் சாய்ந்த மறுநொடி, கதவுக்கு அந்தப் பக்கம் பேனாவை அமுக்குகிற சத்தம். நாத்தனார் எழுத ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம்.

முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் நேரம் எழுதி ஓய்வு பெற்றவள். பஸ் இல்லாத குறைக்கு இப்போது தம்பி பெண்டாட்டி.

"பாதிப் பாத்திரத்தோட நிறுத்திட்டுப் படுத்தாச்சா? நல்லா இருக்கும்மா குடித்தனம்."

அவளுக்குத் தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. எட்டு மாதமாக இப்படித்தான். நாலு டாக்டர், ஏகப்பட்ட பரிசோதனை, எல்லாம் நார்மல்.

தூங்கி எழுந்து பார்த்தால் மீதிப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

"நீங்களா?" என்பாள் கணவனிடம்.

"ம்" என்பான் அவன், அடக்கமாக.

ஆபீஸில் அவள் எடுத்த விடுப்பு திங்களோடு முடிகிறது. நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அரை நாள் வேலை. இல்லையென்றால் வேலையே போச்சு. அதற்காகக் கணவனோடு ஐந்தாவது டாக்டரிடம் போனபோதுதான் நோட்டும் கையுமாக நாத்தனாரும் கிளம்பி வந்தாள்.

"எப்பல்லாம் ரொம்ப முடியாம போகுது?" என்றார் டாக்டர்.

"சரியா ஞாபகம் இல்ல டாக்டர்..."

"அவளை என்ன கேக்கறது? இதைப் பாருங்க." நாத்தனாரின் நோட்டு மேஜையில் விழுந்தது.

தொலைந்தோம் என்று இவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் உரக்கப் படித்தார். "'காலை 9.10, சமையலறையிலிருந்து புறப்பாடு. 9.14, கட்டில் வந்து சேர்ந்தது. வழியில் இரண்டு நிறுத்தம்.'" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "'செவ்வாய், துணி துவைத்தாள், ஓட்டம் சீர். வியாழன், முழு நாள் பிரேக்டவுன்.'"

பக்கம் புரட்டப் புரட்டச் சிரிப்பு நின்றது.

"சோம்பேறின்னா வேலைக்கு முன்னாடியே படுத்துடுவாங்க. இவங்க வேலை செஞ்சு ரெண்டாம் நாள் விழறாங்க, ஒவ்வொரு தடவையும். தூங்கி எழுந்தாலும் தெளியல. இது நாள்பட்ட சோர்வு நோய். ரத்தத்துல தெரியாதது இந்த நோட்டுல தெரியுது." கடிதம் எழுத ஆரம்பித்தார். "குணமாக்கற மாத்திரை இல்லம்மா. களைக்கறதுக்கு முன்னாடியே படுத்துடணும், அதான் வைத்தியம்."

"டீசல் தீர்றதுக்குள்ள டிப்போவுக்கு வந்துடணும்," என்றாள் நாத்தனார். "இதைச் சொல்ல அஞ்சு டாக்டரா?"

"நீங்க எதுக்கும்மா இதெல்லாம் எழுதினீங்க?"

"எழுதி வைக்காத பஸ் ஓடிச்சுன்னா எந்த ஆபீஸ் நம்பும்?"

"அது சரி. ஒவ்வொரு பிரேக்டவுனுக்குக் கீழயும் 'மாற்று வண்டி அனுப்பப்பட்டது'ன்னு இருக்கே, அது யாரு?"

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கணவன் சுவரில் இருந்த எலும்புக்கூடு படத்தை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தான்.

"அக்கா, நீங்களா?" எட்டு மாதத்தில் முதல் முறையாக அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"போதும், சிரிக்காதே. அதுக்கும் டீசல் ஆகும்."

வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு, இரண்டு தட்டு கழுவினாள். மூன்றாவதை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

டிக்.

அப்புறம் சமையலறையில் குழாய் திறக்கிற சத்தம்.