பச்சை வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகாது

ஒடெஸா பிஞ்ச் சுரண்டியை எடுத்து மேப் மேல் வைத்ததுமே பிளாட்பாரத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது.

"நாலு பேருக்கு உபயோகமா ஒண்ணு இருந்தா இவங்களுக்குப் பொறுக்காதே," என்றார் காபியோடு நின்றிருந்த ஒருவர். ஒடெஸாவின் காதில் விழவேண்டும் என்றேதான் சொன்னார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டிக்கரைக் கிழித்து, பசையைச் சுரண்டி, துணியால் துடைத்தாள். மேப் மறுபடியும் பளபளவென்று ஆனது. மறுபடியும் தப்பாகவும் ஆனது.

புரூக்ளினில் சுரங்க ரயில் வழிகளை மாற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. கார்வர் தெரு நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த பச்சை வண்டி, இப்போது பாதி வழியில் திரும்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எதிர்ப் பிளாட்பாரத்தில் ஊதா வண்டி பிடிக்க வேண்டும். எல்லா நிலையத்திலும் புது மேப், புது அட்டவணை ஒட்டியாயிற்று. என்ன, புது மேப்பிலும் பச்சை வண்டி ஆஸ்பத்திரிக்கே போய்க்கொண்டிருந்தது.

நம்பி ஏறியவர்களுக்கு ஆற்றுப் பாலம் வந்தபிறகுதான் விஷயம் புரிந்தது. புகார்கள் குவிந்தன.

மேப் பிரிவின் தலைவர் மிஸ்டர் டோலன் ஒரு சுற்றறிக்கை விட்டார். மேப்பைப் பதினொரு அதிகாரிகள் சரிபார்த்திருக்கிறார்கள், அதில் பிழை எதுவும் இல்லை, பயணிகள்தான் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று.

சுற்றறிக்கை வந்த மறுநாளே ஸ்டிக்கர் முளைத்தது. கொட்டை எழுத்தில், கையால் எழுதியது. 'பச்சை வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகாது. எதிர்ப் பக்கம் போய் ஊதா வண்டியில் ஏறவும்.' தினமும் விடிவதற்குள் யாரோ ஒட்டிவிட்டுப் போனார்கள்.

டோலன் ஒடெஸாவைக் கூப்பிட்டார். பத்தொன்பது வருஷமாக நிலையங்களில் மேப் ஒட்டுகிறவள் அவள். தினமும் காலை ஒன்பது மணிக்கு, மேலதிகாரிகள் சுற்றிப் பார்க்க வருவதற்குமுன் ஸ்டிக்கரைக் கிழித்துவிட வேண்டும், ஒட்டுகிறவனையும் கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

"அனுமதியில்லாமத் தகவல் குடுக்கிறது குற்றம், மிஸ் பிஞ்ச்."

"தகவல் சரியா இருந்தாலுமா?"

"சரியா இருந்தா இன்னும் மோசம்."

புதன்கிழமை ஒடெஸாவுக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அதனால் ஏழு மணிக்கே வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டாள். அதற்கு டோலனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒன்பது என்றால் ஒன்பது, அதற்கு ஒரு நிமிஷம்கூட முன்னால் கை வைக்கக் கூடாது என்று அரை மணி நேரம் பேசினார். நல்ல வேலையைச் சீக்கிரம் செய்ததற்குத் திட்டு வாங்கிய ஒரே ஆள் தான்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் பிளாட்பாரத்தில் ஒரு பெண் அவளைத் தேடி வந்தாள். பெயர் யோலண்ட். ஹெய்ட்டியிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. முந்தின நாள் ஏழேகாலுக்கு மேப்பைப் பார்த்துப் பச்சை வண்டியில் ஏறியிருக்கிறாள். ஒன்றரை மணி நேரம் தாமதம். அவள் தாமதமாகப் போனது அது மூன்றாவது தடவை. காலை வேலையிலிருந்து எடுத்து ராத்திரி வேலையில் போட்டுவிட்டார்கள். வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை, ராத்திரி பார்த்துக்கொள்ள ஆளில்லை.

"உங்க மேல கோவம் இல்ல, மிஸ். தினமும் இங்க ஒரு சீட்டு இருக்கும், அதப் பார்த்துத்தான் போவேன். நேத்து இல்ல. சரி, பச்சை வண்டி பழையபடி ஓட ஆரம்பிச்சிடுச்சு போலன்னு மேப்பை நம்பிட்டேன்."

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஒடெஸாவுக்கு.

வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கே நிலையத்துக்கு வந்துவிட்டாள். ஒட்டுகிறவனைப் பிடித்துக் கொடுக்க அல்ல. இனிமேல் இரண்டு ஸ்டிக்கராக ஒட்டு, ஒன்றை என் கண்ணில் படாத இடத்தில் ஒட்டு என்று சொல்லிவிட்டுப் போகத்தான்.

ஆள் இருந்தான். மடக்கு ஏணியில் ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்டிக்கரின் நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தான். தலையை மூடிய ஸ்வெட்டர். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

மிஸ்டர் டோலன்.

ஒரு வண்டி வந்து நின்று, போனது. அப்புறம் டோலன் மெதுவாக இறங்கி, ஏணியை மடக்கினார்.

"இதோட அஞ்சு நிலையம் ஆச்சு. இன்னும் ரெண்டு இருக்கு," என்றார், ஏதோ ஆபீஸ் கணக்குச் சொல்வதுபோல. "காலைக் கூட்டம் ஒன்பதுக்குள்ள போயிடும். அதுக்கப்புறம் நீங்க கிழிச்சா யாருக்கும் நஷ்டமில்ல."

"அப்போ என்னை ஆளைப் பிடிக்கச் சொன்னது?"

"மேலிடத்துல கேக்கிறாங்களே. தேடுறதுக்கு ஒரு ஆள் வேணும்ல."

ஒடெஸா அவர் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் மை. யோலண்டின் கதையைச் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு முழுக்கக் கேட்டார். முகம் வாடிவிட்டது. அதில் பொய் இல்லை.

"வீட்ல உக்காந்து எழுதி, விடியறதுக்குள்ள எந்திரிச்சு, ஏழு நிலையம் ஏணியத் தூக்கிட்டு அலையறீங்க. அதுக்கு அந்த மேப்பையே திருத்திடலாமே, மிஸ்டர் டோலன்?"

டோலன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பிழையே இல்லைன்னு கையெழுத்துப் போட்டது நானாச்சே. இப்போ இல்லாத பிழையைத் திருத்த நான் யார்கிட்ட போய் அனுமதி கேக்கிறது, மிஸ் பிஞ்ச்?"