முயலக்கா வேலியில் மயிலிறகு

எந்தக் காட்டோரமோ, எந்த வாய்க்கால் கரையோ, அங்கே முயலக்கா ஒருத்தி கீரைத்தோட்டம் போட்டிருந்தாளாம். அந்த வருஷம்தான் மருந்தடிப்பதை விட்டுவிட்டு இயற்கை விவசாயத்துக்கு மாறியிருந்தாள். ஆனால் கீரை வாங்கும் கோழியம்மாவோ, "யாராவது பார்த்துச் சான்று கொடுத்தாத்தான் என் குஞ்சுகளுக்கு வாங்குவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

சான்று கொடுப்பவர்கள் அங்கே மயிலாரும் தவளைத் தம்பியும்தான்.

மயிலார் மரத்தைவிட்டு இறங்கவே இல்லை. "பச்சைப்பசேல்னு இருக்கே, போதும்!" என்று சான்றாக ஓர் இறகை உதிர்த்துப் போட்டார். முயலக்காவுக்கு வாயெல்லாம் பல்.

தவளைத் தம்பி வாய்க்காலில் குதித்தான். குதித்த வேகத்திலேயே வெளியே வந்து முதுகைச் சொறிந்தான்.

"பக்கத்து வயல் மருந்துத்தண்ணி உங்க பாத்திக்குள்ள வருதுக்கா. வரப்பை உசத்துங்க. மண்ணு தெளிய மூணு வருஷமாகும். அப்புறம்தான் சான்று."

"சொறிஞ்சுக்க என் தோட்டம்தான் கெடச்சுதாடா உனக்கு?" என்று அவனை விரட்டிவிட்டு, முயலக்கா இறகை வேலியில் செருகினாள்.

மறுநாள் கோழியம்மா வந்து இறகை உற்றுப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு முயலக்கா. பக்கத்து வயல்லயும் இதே இறகுதான். மருந்து டின் மேலயே செருகி வச்சிருக்காங்க."

முயலக்காவின் காதுகள் இரண்டும் தொங்கிப்போயின. "மூணு வருஷம் கழிச்சு வருவியா கோழியம்மா?"

"வராம? பேரன் பேத்திக்கு வேணுமே!" கோழியம்மா குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

முயலக்கா இறகைப் பிடுங்கிக் காதைக் குடைந்தாள். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தவளைத் தம்பியைத் தேடிக் கிளம்பினாள்.