ஓடை தாண்டிய தீ

கையாலாகாதவன் வீட்டைத்தான் காட்டுத்தீ எரிக்கும் என்பது அவர் உலகுக்கு அருளிய தத்துவம். மலையடிவார வீட்டைச் சுற்றி முப்பதடிக்குப் புல்லைச் செதுக்கியிருந்தார். கூரைமேல் ஆறு தெளிப்பான்கள், கிணற்றில் மோட்டார்.

பக்கத்து வீட்டு மச்சான் புகையைக் கண்டதுமே வேனில் சாமான் ஏற்றத் தொடங்கினார்.

"ஓடுற காலுக்கு வீடு எதுக்கு மச்சான்?"

"ஆளு இருந்தா இன்னொரு வீடு கட்டிக்கலாம் மாப்ளே."

சிரித்துவிட்டு வேலைக்குப் போனார் அவர்.

மதியம் மனைவி கைபேசியில் அழைத்தாள். "ஏங்க, தீ ஓடையைத் தாண்டிடுச்சு!"

"வரட்டும். மோட்டாரைப் போடு."

"போட்டாச்சு. கூரையெல்லாம் மழை மாதிரி கொட்டுது."

"யாரு செஞ்ச ஏற்பாடு! இரு, ஆபீஸ் போன் அடிக்குது."

அதில் மேலதிகாரி அரை நிமிடம் பேசினார். "சரிங்க சார்" என்று எழுந்து போன அவர், திரும்பி வர ஐந்து நிமிடம் ஆனது.

கைபேசியில் மனைவி அலறிக்கொண்டிருந்தாள். "மோட்டார் நின்னுடுச்சுங்க! ஃபியூஸ் போச்சான்னு பாக்கவா?"

"ஃபியூஸ் இல்ல."

"பாக்காமலே எப்படிங்க தெரியும்?"

"உங்கண்ணன் வேன் கிளம்பிடுச்சா?"

"இப்பத்தான் ஸ்டார்ட் பண்றாரு."

"ஓடிப்போய் ஏறிக்கோ. வீடு கிடக்கட்டும்."

"ஐயோ! எந்த மகராசன் நேரம் பார்த்து கரண்ட்டை நிறுத்தினான்?"

அவர் மலை லைன் சுவிட்சில் மாட்ட வேண்டிய பலகையைக் கையில் எடுத்தார். 'கம்பிக்குக் கீழே தீயணைப்பு ஆட்கள். மின்சாரம் கொடுக்காதே. நிறுத்தியவர்' என்றிருந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.