நான்கு மணிக்கு ஓர் அழைப்பு

“அண்ணை, சாப்பிட்டாச்சோ?”

“ஓம் தங்கச்சி, இப்பதான். நீங்கள்?”

“நானும் சாப்பிட்டிட்டன். சோறும் மீன் குழம்பும்.”

சுத்தப் பொய். கமலநாயகியின் முன்னால் இருந்தது காலையில் போட்டுப் பாதியில் வைத்த தேநீர் மட்டும்தான். ஜெர்மனியில், எசன் நகரத்து மூன்றாம் மாடியில், ஒருத்திக்காக யார் மீன் கழுவிக்கொண்டிருப்பது? ஆனால் தனிமையில் வாடுகிற ஒரு மனிதரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

“ராத்திரி நித்திரை வந்ததோ அண்ணை?”

“வந்தது, வந்தது. உங்களுக்கு?”

அவரும் ஒவ்வொரு கேள்வியையும் திருப்பிக் கேட்பார். மரியாதை தெரிந்த மனிதர்.

“அங்கை துருக்கியில ஊர் எப்பிடி இருக்கு?”

“என்னத்தைச் சொல்ல? குளிருக்கு முக்கால்வாசிக் கடை பூட்டு. ஹோட்டல்காரர் கதிரை மேசையெல்லாத்தையும் அடுக்கிக் கட்டிப்போட்டுப் போயிட்டினம். நாய் நடு ரோட்டில படுத்திருக்குது. வாகனம் வந்தால்தானே எழும்புறதுக்கு!”

கமலநாயகி சிரித்தாள். அன்றைக்கு அவள் வாய் திறந்து சிரித்தது அப்போதுதான்.

“எங்கட கட்டடத்தில நாப்பத்தெட்டு வீடு தங்கச்சி. லைட் எரியிறது நாலு வீட்டில. நான், ஒரு ஜெர்மன் கிழவன், ரண்டு இங்கிலீஷ் மனிசியள். ஆள் இல்லையெண்டு லிஃப்டையும் நிப்பாட்டிப் போட்டாங்கள். நான் ஆறாம் மாடி.”

“ஐயோ! பிறகு?”

“பிறகென்ன, கடையில பாண் வாங்க இறங்கினால் தேத்தண்ணிக் கடையில ஒரு மணித்தியாலம் இருந்து மூச்சு வாங்கிப்போட்டுத்தான் ஏறுறது. நீங்கள் இண்டைக்கு வெளியால போனனீங்களோ?”

“ஓம், பார்க் மட்டும் போயிட்டு வந்தன்.”

இது பொய்யில்லை. அவர் கேட்பார் என்பதற்காகவே அவள் தினமும் பூங்கா வரைக்கும் நடந்துவிட்டு வருவாள்.

எல்லாம் எசன் தமிழர் மன்றத்து வசுந்தராவின் ஏற்பாடு. ‘தொலைபேசித் துணை’ என்று ஒரு திட்டம் தொடங்கி, இலையுதிர்காலக் கூட்டத்தில் இரண்டு பட்டியல்களை மேசையில் வைத்தாள். ஒன்று, உதவ விரும்புவோர். மற்றது, துணை தேவைப்படுவோர். கமலநாயகியின் கணவர் இறந்து இரண்டு வருடம். மகன் கீர்த்தனன் தூரத்துக் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவான். சும்மா இருக்கிற நேரத்தில் ஒரு பாவப்பட்ட சீவனுக்கு ஆறுதலாக இருப்போமே என்று கமலநாயகி முதலாவது பட்டியலில் பெயர் எழுதினாள்.

கிடைத்தவர் சிறீதரன். எசனில் ரொட்டி சுடும் ஒரு பாண் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவியின் இளைப்பு நோய்க்கு வெயில் நல்லது என்று துருக்கியில் ஒரு கடற்கரை ஊருக்குக் குடிபோனார். மனைவி அங்கேயே இறந்துவிட்டாள். அவர் அங்கேயே இருந்துவிட்டார்.

வசுந்தரா ஒரு தாளும் கொடுத்திருந்தாள். முதலில் சாப்பாட்டைக் கேளுங்கள், பிறகு நித்திரை, பிறகு வெளியே போனாரா என்று. ‘தனிமையாக இருக்கிறீர்களா’ என்று மட்டும் வாய் தவறியும் கேட்காதீர்கள், எங்கள் ஆட்களுக்கு ரோஷம் வந்துவிடும். பின்னேரம் நான்கு மணிக்கு, ஒருநாள் நீங்கள் அழையுங்கள், மறுநாள் அவரை அழைக்க விடுங்கள்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. கமலநாயகி மூன்றரைக்கே முகம் கழுவித் தலை சீவிக்கொள்வாள். தொலைபேசிக்கு எதற்குத் தலை சீவுவது என்று அவளுக்கே சிரிப்பு வரும். நாள் முழுவதும் அந்த நான்கு மணிக்காகத்தான் இருந்தது. எல்லாம் அவருக்காகத்தான் என்று சொல்லிக்கொள்வாள்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி அடித்தும் அவர் எடுக்கவில்லை. புதன்கிழமை அவருடைய முறை. அழைப்பு வரவில்லை. வியாழக்கிழமை அவள் அழைத்தபோது அடிக்கிற சத்தமே இல்லை. கமலநாயகி உடனே வசுந்தராவை அழைத்தாள்.

“பிள்ளை, அந்த மனிசனோட மூண்டு நாளாக் கதைக்கேலாமல் கிடக்கு! ஆறாம் மாடி, லிஃப்டும் இல்லை. எங்கையும் விழுந்து கிடக்கிறாரோ தெரியாது. ஆரையெண்டாலும் பிடிச்சு அனுப்பு!”

“அந்தரப்படாதேங்கோ அக்கா, ஆள் சுகம். அங்கை பெரிய புயலாம், கரண்ட் இல்லை. அவற்ற ஃபோன் செத்துப்போச்சு. இப்பதான் தேத்தண்ணிக் கடைக்காரன்ர ஃபோனில எனக்கு எடுத்தவர்.”

உயிர் வந்தது. கூடவே ஒரு சின்னக் கோபமும் வந்தது.

“உனக்கு எடுக்கத் தெரிஞ்சவருக்கு எனக்கு எடுக்கத் தெரியேல்லையோ?”

“உங்கட நம்பர் ஃபோனுக்குள்ளயெல்லோ அக்கா. அவரிட்டை இருந்த தாளில என்ர நம்பர்தான் இருந்தது.”

“என்ன தாள்?”



“உங்களுக்குத் தந்த அதே தாள்தான் அக்கா. சாப்பாடு, நித்திரை, வெளியால போறது... ‘எசனில அந்தத் தங்கச்சி பாவம், தனிய இருக்கிற மனிசி, மூண்டு நாளாக் கதைக்கேல்லை, ஆராவது போய்ப் பாருங்கோ. சாப்பிட்டிட்டன் எண்டு சொன்னால் நம்பாதேங்கோ’ எண்டு அவர் ஃபோனில கத்தினவர்.”

கமலநாயகி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“பிள்ளை... நான் உதவுற ஆக்களின்ர பட்டியலில எல்லோ பெயர் எழுதினனான்?”

“அவரும் வாட்சப்பில அதுக்குத்தான் பெயர் தந்தவர் அக்கா. பெயர் தந்த நாப்பது பேரும் அதிலதான் எழுதினவை. துணை தேவையெண்டு ஒருத்தரும் எழுதேல்லை, அதாலதான் அந்த நாப்பது பேரையும் நான் இரண்டிரண்டு பேராச் சேர்த்து விட்டன்.”