ஐசிங் போட்ட படையல்

பதினாறாம் நாள் படையலுக்கு, இறந்தவர் ஆசைப்பட்டதைச் செய்து வைக்க வேண்டும். வடையையும் பாயசத்தையும் நாத்தனார் விமலாவிடம் விட்டுவிட்டு, சுகந்தி ஓட்ஸ் பிஸ்கட்டுக்கு வெண்ணெயைக் குழைத்தாள். கணவர் ராஜாமணிக்குச் சர்க்கரை நோய் வந்தபின், பிள்ளைகளுக்குச் செய்யும்போதெல்லாம் அவருக்கென்று சிலவற்றை மேலே இனிப்பு ஐசிங் ஊற்றாமல் ஒதுக்கிவிடுவாள். "ஏன்டி, மாட்டுக்கு வைக்கிற தவிட்டை எனக்கு வைக்கிற?" என்று கேட்டபடியே தின்பார். ஐசிங் கிண்ணத்தை வழிக்க வரும் அவர் விரலைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டுவாள். இன்று சர்க்கரைப் பொடியைப் பாலில் கரைத்து, ஒவ்வொரு பிஸ்கட்டின் மேலும் விளிம்பு வழிய ஊற்றினாள். படையலுக்கு என்பதால் ருசி பார்க்கவில்லை.

"என்ன அண்ணி, இவ்வளவா?" என்றாள் விமலா.

"அவர் கேட்டது இவ்வளவுதான்."

இலை போட்டு, சூடம் காட்டி, அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள். பிள்ளைகளுக்குப் பசி. விமலா தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"போதும் அண்ணி, திறந்துடலாம்."

சுகந்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இரு விமலா. இன்னும் தொட்டிருக்கமாட்டாரு. நான்தான் வாசல்லயே நிக்கிறேனே."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். சாத்திய கதவைப் பார்த்து, உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"நான் கடைக்குப் போறேங்க. வர நேரமாகும்."