தேய்ந்த இடம்

ரெக்ஸுக்கு ஜெசிந்தா இரண்டாம் மனைவி. சுவரில் தொங்கிய பழைய கிதார், இறந்துபோன முதல் மனைவி ஸ்டெல்லாவுடையது என்று யாரையும் கேட்காமலே அவள் முடிவு செய்திருந்தாள். வீட்டுக்கு வெள்ளையடிக்க அதைக் கழற்றியபோது, துடைத்து வைக்கலாம் என்று எடுத்துக்கொண்டாள். ஈரத் துணியால் துடைக்கத் துடைக்கப் பழுப்பு அழுக்கு போய், வார்னிஷ் தேன் நிறத்தில் வெளிவந்தது. மேல் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் வார்னிஷே இல்லை. வாசித்தவரின் முன்கை உராய்ந்து உராய்ந்து வெறும் மரம் தெரிந்தது. அந்தக் கையை இந்த வீட்டில் விட்டுவைக்க அவளுக்கு மனமில்லை. சமமாகத் தேய்த்துப் புது வார்னிஷ் பூசிவிட நினைத்து உப்புத்தாளை எடுத்தாள்.

“அத மட்டும் தேய்க்காத,” என்றபடி ரெக்ஸ் உள்ளே வந்தான்.

“ஏன், அவ கை பட்ட இடமா?”

“அவளுக்கு எங்க வாசிக்கத் தெரியும்? அது என் கை. எந்நேரமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருப்பா.”

ரெக்ஸ் வாசிப்பான் என்பதே ஜெசிந்தாவுக்குத் தெரியாது. உப்புத்தாள் அவள் விரல்களுக்குள் கசங்கியது. அவனை நாற்காலியில் உட்காரவைத்து, கிதாரை மடியில் வைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“கம்பியெல்லாம் துருப்பிடிச்சிருக்கு, ஜெசி.”

“துருவோடயே வாசிங்க.”