கொய்யா இலையைத் தோற்கடித்த தண்ணீர்

"பாட்டிலை மாத்திக் குடுத்துட்டேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடும்மா. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

பல் மருத்துவப் பேராசிரியர் இவ்வளவு இனிமையாகப் பேசி அவர் மனைவியே கேட்டதில்லை. எதிரே நின்ற முதியோர் இல்லத்து ஆயா, அவர் நீட்டிய பேனாவை வாங்கவில்லை.

பேராசிரியருக்குப் பத்து வருஷமாகக் கொய்யா இலைதான் உயிர். அதன் சாறு வாய்க் கிருமிகளைக் கொன்றுபோடும் என்று ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் நிரூபித்தாயிற்று. தட்டு எதிர்த்துப் பேசாது. மனுஷ வாயிலும் நிரூபியுங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். உடனே ஒரு முதியோர் இல்லத்தைப் பிடித்து, சொந்தப் பல் மிச்சமிருந்த நாற்பது பேரைத் தேடி எடுத்தார்.

இருபது பேருக்கு இலைச்சாறு கலந்த நீர். மற்ற இருபது பேருக்கு அதே நிறம் கலந்த வெறும் தண்ணீர். யாருக்கு எது என்ற பட்டியல் உறைக்குள் வைத்து ஒட்டப்பட்டு அவர் மேசைக்குள் பூட்டியிருந்தது. பாட்டிலில் ஒட்டிய பெயரைப் பார்த்து மூன்று மாசம், தினம் ரெண்டு வேளை கொப்பளிக்க வைப்பதுதான் ஆயாவின் வேலை.

நாளை மறுநாள் மாநாடு. பேராசிரியரின் உரைக்குத் தலைப்பு, 'இயற்கை பொய் சொல்லாது.'

நேற்று உறையைப் பிரித்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். கொய்யாக் கோஷ்டிக்கு ஈறு ஏதோ கொஞ்சம் தேவலை. தண்ணீர்க் கோஷ்டிக்கோ ரத்தக் கசிவு இல்லை, பல்லில் படிவு இல்லை, பற்பசை விளம்பரத்துக்கே கூப்பிடலாம். கணக்குப் போட்ட மாணவியை மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார். மூன்று தடவையும் தண்ணீரே ஜெயித்தது.

குழாய்த் தண்ணீரிடம் தோற்றுவிட்டு மேடை ஏற முடியுமா? ஆயா பாட்டிலை மாற்றிவிட்டாள் என்று ஒரே நொடியில் கண்டுபிடித்துவிட்டார். மருந்தைக் கண்டுபிடிக்கத்தான் பத்து வருஷம் ஆகும், குற்றவாளியைக் கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் எதற்கு? அவள் எழுதித் தந்தால் போதும். ரெண்டு கோஷ்டியையும் தாளில் இடம் மாற்றி எழுதினால் கொய்யா ஜெயித்துவிடும்.

"நான் மாத்தல சார். பேரைப் பாத்துத்தான் குடுத்தேன்."

இனிமை அத்தோடு தீர்ந்தது. இல்லத்து மேலாளரிடம் சொல்லி இன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளை நம்பி அறிவியலை ஒப்படைத்த தன் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும் என்றார். இந்த வேலை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அது அவருக்கும் தெரியும், அதனால்தான் அவ்வளவு தைரியமாக மிரட்டினார்.



"மாத்தினேன்னு பொய் எழுத மாட்டேன் சார். ஆனா வேற ஒரு தப்பு பண்ணிட்டேன். அதை வேணா எழுதித் தர்றேன்."

பேராசிரியருக்கு முகம் மலர்ந்தது. தப்பு எதுவாக இருந்தாலும் அவருக்குச் சம்மதம்தான். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சொல்லும்மா, என்ன பண்ணினே?"

"மூடியைத் திறந்தாலே தெரிஞ்சுடுது சார். பாதி பாட்டில்ல இலை வாசனை. மீதியில ஒண்ணுமே இல்ல."

நிறத்தைச் சொட்டுச் சொட்டாக ஒப்பிட்டுக் கலந்த மேதைக்கு வாசனை ஞாபகம் வரவில்லை. பத்து வருஷம் அந்த இலையோடு குடித்தனம் நடத்தியவருக்கு அது மூக்கில் உறைக்கவே இல்லை போலிருக்கிறது.

"மருந்து கிடைச்சவங்களை மருந்து பாத்துக்கும். வெறும் தண்ணி கிடைச்சவங்களை யார் பாத்துக்குவா? அவங்களும் நம்பித்தானே சார் வாயைத் திறக்கறாங்க? மனசு கேக்கல. அதான் அந்த இருபது பேருக்கும் தினம் ரெண்டு வேளை, பக்கத்துல உக்காந்து நானே பல்லைத் தேய்ச்சு விட்டேன்."